தூங்காத நீல ஒயர்

அத்தியாயம் 6

நாளைக் காலையில் தாஹாவை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவார்கள். அங்கிருந்து நேராகச் சிறை. கொலைக் கேஸ். அவன் கையில் மிச்சமிருந்தது இந்த ஒரு நாள்தான். அதிலும் பாதி போய்விட்டது.

லாக்கப் கம்பிக்கு அந்தப் பக்கம் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். மன்னார்புரத்தில் கார் ஆடியோ கடை வைத்திருப்பவன். விரல் நுனிகளில், ஈயத்தை உருக்கி ஒயர் ஒட்டும் சால்டரிங் சூடு பட்ட தழும்புகள். கம்பிக்கு இந்தப் பக்கம் துப்பறியும் பீமராவ். பக்கத்தில் அவனுடைய உதவியாளர் கலைமதி. தாஹாவின் மனைவி நஜீமா அமர்த்தித்தான் இருவரும் வந்திருந்தார்கள்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றான் பீமராவ்.

"ஞாயித்துக்கிழமை காலையில சிவசங்கர் சார் கடைக்கு வந்தார். கார்ல சப்-வூஃபர் வைக்கணும், பேஸ் குலுங்கணும்னார். வெச்சேன். ஆம்ப்ளிஃபையரை டிக்கி கார்ப்பெட்டுக்கு அடியில மாட்டினேன். ஒயரிங் எப்படின்னு ஒரு கேள்வி உண்டு சார். அதைக் கஸ்டமரைக் கேக்காம நான் செய்யறதில்ல."

"என்ன கேள்வி?"

"கரன்ட் கொண்டு வர்ற தடி ஒயர் பேட்டரியிலேர்ந்து வரும். அதுல பேச்சே இல்ல. ஆம்ப்பை எழுப்பி விடறதுக்கு மெல்லிசா ஒரு நீல ஒயர் இருக்கு. அதை எங்க குடுக்கறதுன்னுதான் கேள்வி. ஸ்டீரியோவுல குடுத்தா பாட்டுப் போடும்போது முழிக்கும், நிறுத்தினா தூங்கிடும். சாவியில குடுத்தா வண்டி ஓடற வரைக்கும் முழிச்சிருக்கும். நேரா பேட்டரியிலயே குடுத்தா..."

"தூங்கவே தூங்காது," என்றாள் கலைமதி. "எங்க ஹாஸ்டல் வார்டன் மாதிரி."

தாஹா சிரிக்கவில்லை. "வண்டி நின்னாலும் அது பேட்டரியைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். நான் ஸ்டீரியோவுலதான் குடுத்தேன் சார். அல்லா மேல ஆணையா."

"சிவசங்கர் எதைக் கேட்டார்?"

"ஸ்டீரியோதான் நல்லதுன்னேன், சரின்னுட்டார். ஆனா, பேட்டரியில குடுத்தா என்ன ஆகும்னு ரெண்டு தடவை கேட்டார். வண்டி கிளம்பாது, எனக்குத்தான் போன் வரும்னு சொல்லிச் சிரிச்சேன். இதை இன்ஸ்பெக்டர்கிட்டயும் சொன்னேன். எல்லா கஸ்டமரும் கேக்கறதுதானேன்னுட்டார்."

நடந்தது இதுதான். அன்று மதியம் சிவசங்கரின் மனைவி மகாலட்சுமி அந்தக் காரை எடுத்துக்கொண்டு கொள்ளிடக் கரையில் இருந்த தன் தென்னந்தோப்புக்குப் போனாள். சாயங்காலம் கார் கிளம்பவில்லை. கணவனின் போன் அணைந்திருந்தது. டேஷ்போர்டில் தாஹா ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தது. எங்கே நின்றாலும் கூப்பிடுங்கள் என்று எழுதி, கீழே அவன் நம்பர். கூப்பிட்டாள். அவன் போய்ச் சேர்ந்தபோது காருக்குப் பக்கத்தில் மண்டை உடைந்து கிடந்தாள். தாலிச் சங்கிலி இல்லை. நீல ஒயர் பேட்டரியில் இருந்தது.

போலீஸ் கணக்கு எளிது. ஒயர்காரன்தான் ஒயரை மாற்றுவான். வண்டி நிற்கும், போன் வரும், பெண் தனியாக இருப்பாள்.

"பேட்டரி எப்படி இருந்தது?" என்று கேட்டான் பீமராவ்.

"புதுசு சார். மேல அழகா நாமம் போட்டிருந்தது. வெள்ளையும் சிவப்புமா. ஆயுத பூஜைக்கு அந்த அம்மா போட்டதாம். சிவசங்கர் சார் நெத்தியில பட்டை. என்ன சார், உங்களுக்குப் பட்டை, பேட்டரிக்கு நாமமான்னு கேட்டேன். அது அவ பொறந்த வீட்டு வழக்கம்னார்."

"புது பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?"

"பாட்டு ஓடாம ஆம்ப் சும்மா முழிச்சிருந்தா, ராத்திரி பூரா தாங்கும். ஒரு மத்தியானத்துல சாகாது சார். அதான் எனக்கும் புரியல."

வெளியே பெஞ்சில் நஜீமா இருந்தாள். எழுந்து நின்றாள்.

"ஒயரைக் கையால முறுக்கி டேப் சுத்தறவங்களைப் பார்த்தாலே அவருக்குச் சாப்பாடு இறங்காதுங்க. சால்டர் வைக்காம ஒரு ஜாயின்ட் போட மாட்டார். அவரைப் போய்..." 

பீமராவ் தலையை மட்டும் அசைத்தான். ஆறுதல் சொல்லும் பழக்கம் அவனிடம் இல்லை. தனக்குச் சொல்லப்பட்டவை எதுவும் வேலை செய்யாததைப் பார்த்தவன்.

ஸ்டேஷன் பின்கட்டில் வேப்பமரத்தடியில் அந்தக் கார் நின்றது. கான்ஸ்டபிள் பானெட்டைத் தூக்கினார். நீல ஒயரின் முனை கையால் முறுக்கப்பட்டு, கறுப்பு டேப் சுற்றி பேட்டரியில் தொங்கியது.

"நஜீமா பார்த்தா விவாகரத்து கேப்பாங்க," என்றாள் கலைமதி. பிறகு குனிந்தாள். "சார்."

பேட்டரி பழையது. ஓரங்களில் வெள்ளைப் பூஞ்சை போல உப்பு. மேலே காய்ந்து மங்கிய மூன்று விபூதிக் கோடுகள். நடுவில் குங்குமம்.

"காலையில நாமம். சாயங்காலம் பட்டை," என்றாள். "நம்ம ஊர்ல எம்.எல்.ஏ.கூட இவ்வளவு சீக்கிரம் கட்சி மாற மாட்டார்."

"போட்டோ எடு."

"இது போதாதா சார்? யாரோ புதுசைக் கழட்டிட்டு, சாகப்போற பழைய பேட்டரியை மாட்டியிருக்காங்க."

"தாஹாவே மாட்டினான்னு சொல்வாங்க. நாமத்தைப் பார்த்ததா சொல்றது அவன் மட்டும்தான்."

"அப்ப ஒண்ணு கேக்கறேன். சிவசங்கருக்கு என்ன தொழில்? ஷாமியானா, ஜெனரேட்டர், சவுண்ட் சர்வீஸ். ஸ்ரீரங்கத்துல பாதிக் கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் கட்டறவர், சொந்தக் காருக்கு ஸ்பீக்கர் மாட்ட காவிரியைத் தாண்டி மன்னார்புரம் ஏன் போனார்?"

பீமராவ் அவளைப் பார்த்தான். "நல்ல கேள்வி."

"சம்பளத்தை ஏத்துங்க."

"நீ டீ சாப்பிடு. நான் இன்ஸ்பெக்டரைப் பார்த்துட்டு வரேன்."

இன்ஸ்பெக்டர் அருள்நாதன் அறைக்குள் போனவன் வெளியே வரும்போது அவள் இரண்டாவது டீயில் இருந்தாள். என்ன பேசினான் என்று கேட்டாள். சொல்லவில்லை.

*

அடையவளஞ்சான் வீதியில் சிவசங்கரின் வீடு. பக்கவாட்டில் பெரிய காம்பவுண்டு. ஷாமியானாக் கம்பிகள் குவிந்திருந்தன. தகரக் கொட்டகைக்குள் ஜெனரேட்டர்கள், ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள், சுவரோரம் வரிசையாகப் பழைய பேட்டரிகள். எல்லாவற்றின் மீதும் ஆயுத பூஜைப் பட்டை. வேலையாட்கள் யாரும் இல்லை. சாவு வீடு என்று விடுமுறை கொடுத்திருந்தார்கள்.

பீமராவ் தன் பழைய காரைக் கொட்டகையை ஒட்டி நிறுத்தி இறங்கினான்.

"பூட்டலையே சார்."

"யார் எடுக்கப் போறாங்க?"

"அதுவும் சரிதான். எடுக்கறவன் தள்ளிக்கிட்டுத்தான் போகணும்." நடந்துகொண்டே குரலைத் தாழ்த்தினாள். "எதிர்வீட்டு அம்மாகிட்ட காலையில போன்ல பேசினேன். தோப்பை அழிச்சுக் கல்யாண மண்டபம் கட்டணும்னு இவருக்கு ரொம்ப நாளா ஆசையாம். தோப்பு அந்த அம்மா பேர்ல. கையெழுத்துப் போட மாட்டேன்னு நின்னாங்களாம். தெருவுக்கே கேக்கற மாதிரி சண்டையாம்."

சிவசங்கர் வாசலுக்கே வந்தார். வெள்ளைச் சட்டை. நெற்றியில் புதிதாகப் பட்டை.

"வாங்க, உள்ள வாங்க. காடாத்துச் சடங்கு முடிஞ்சு எல்லாரும் இப்பதான் கிளம்பினாங்க."

கூடத்தில் உட்கார்ந்தார்கள். அவர் மின்விசிறியைப் போட உள்ளே நகர்ந்தார். கூடத்து மூலையில் வாஷ்பேசின். அதன் மேல் டம்ளரில் ஒரே ஒரு டூத் பிரஷ்.

"மூணு நாள்தான் ஆகுது," என்றான் பீமராவ், மெதுவாக. "எடுத்துட்டார்."

 பீமராவின் வீட்டு வாஷ்பேசினில் இன்னும் இரண்டு இருப்பது கலைமதிக்குத் தெரியும்.

சிவசங்கர் எதிரே வந்து உட்கார்ந்தார். "அந்தப் பையன் பொண்டாட்டி உங்களை ஏற்பாடு பண்ணியிருக்காளாம். நான் தப்பா நினைக்கல. அவளுக்கு அவ கவலை. ஆனா ஒயரை மாத்தினது வேற யாரா இருக்க முடியும், சொல்லுங்க."

"எனக்கும் அப்படித்தான் தோணுது," என்றான் பீமராவ். "ஒரே ஒரு விஷயம் பாக்கி. உங்க தோப்புக்குப் பக்கத்து வயல்காரர் மயில் தொல்லைன்னு மரத்துல கேமரா கட்டியிருக்காராம். எது அசைஞ்சாலும் படம் எடுக்குமாம். உங்க தோப்பு வாசலும் அதுல விழும்ங்கறார்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சிவசங்கர் அதைப் பார்த்தார்.

"போலீஸ்ல சொல்லியாச்சா?"

"இல்லங்க. ஊர்ல இல்லாத வயல்காரர் போன்ல சொன்னது. மேக்க கடைசி தென்னையில இருக்கு, மெமரி கார்டை எடுத்துக்கோங்கன்னார். இப்ப போறோம். பார்த்துட்டுக் காலையில குடுத்துக்கலாம்."

"நல்லதுங்க. அவன் மூஞ்சி தெரிஞ்சிடும்." எழுந்தார். "காபி சாப்பிடாம போகக் கூடாது. நானே போடறேன். இனிமே நான்தானே போடணும்."

போனார். வரவில்லை. சுவர்க் கடிகாரம் ஓடியது. பின்கதவு ஒருமுறை கிறீச்சிட்டது.

"காபிக் கொட்டையைச் செடியிலேர்ந்து பறிக்கிறார் போல," என்றாள் கலைமதி.

"இரு."

"சார், எனக்கு இந்த வீடு பிடிக்கல."

"எனக்கும்தான். இரு."

கடைசியில் காபி வந்தது. இரண்டு டம்ளர்களிலும் கெட்டியாக ஆடை கட்டியிருந்தது. அவர் கைகளில் சோப்பு வாசனை. நகக்கண்ணில் மட்டும் கறுப்பு.

பீமராவ் ஆடையை ஒதுக்கிவிட்டு முழுவதும் குடித்தான். ஆறிப்போயிருந்தது.

"பிரமாதம்," என்றான்.

*

சாவியைத் திருப்பியதும் கார் ஒருமுறை முனகி, இழுத்து, பிறகு கிளம்பியது. பீமராவ் அந்த முனகலைக் கடைசி வரை கேட்டான்.

தோப்புக்கு வந்தபோது வெளிச்சம் கொஞ்சம் இருந்தது. கொள்ளிடத்தில் தண்ணீர் ஒரு கோடாக ஓட, மற்றதெல்லாம் மணல். கொக்குகள் கூட்டமாகக் கரை மாறின. தோப்பு வாசலில், மகாலட்சுமி விழுந்த இடத்தில், யாரோ மண் கொட்டி மூடியிருந்தார்கள். மண்ணின் நிறம் வேறாக இருந்தது.

பீமராவ் எஞ்சினை நிறுத்தினான். ஹெட்லைட்டை நிறுத்தவில்லை.

"லைட் எரியுது சார்."

"எரியட்டும்."

தோப்புக்குள் நடந்தார்கள். காய்ந்த மட்டைகள் காலடியில் முறிந்தன. தூரத்தில் ஒரு பம்ப் ஷெட், கதவு சாத்தியிருந்தது. கலைமதி ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்தாள்.

"மேக்க கடைசி மரம் இதுதான். கேமராவைக் காணோம்."

"இருந்தாத்தானே."

அவள் நின்றாள். "வயல்காரர்?"

"அவரும் இல்ல."

"அப்ப எதுக்கு சார் இங்க வந்திருக்கோம்?"

பீமராவ் வாசல் பக்கம் கை காட்டினான். அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். ஹெட்லைட் வெள்ளையிலிருந்து மஞ்சளாகியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் மங்கியது. சாகிற வெளிச்சம் தென்னை அடிகளில் பழுப்பாகப் படிந்தது.

அவள் ஓடிப்போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். டக் என்று ஒரு சத்தம். மறுபடி டக். அவ்வளவுதான்.

"சார், கிளம்பல."

"தெரியும்."

"நம்ம கார்ல ஆம்ப்ளிஃபையரே கிடையாதே! பாட்டுக்கு நான்தானே பாடறேன்!"

கரைச் சாலையில் ஒரு எஞ்சின் சத்தம் கேட்டது. வேன். அது திரும்பும்போது விளக்குகள் அணைந்தன. இருட்டாகவே, மெதுவாக, சத்தம் மட்டும் நெருங்கி வந்தது.

பீமராவ் பானெட்டைத் தூக்கினான். போன் வெளிச்சத்தை உள்ளே பிடித்தான்.

பேட்டரி பழையது. மேலே காய்ந்த மூன்று விபூதிக் கோடுகள். நடுவில் குங்குமம்.

கலைமதி எட்டிப் பார்த்தாள். "அந்த ஆடை கட்டின காபி..."

"காபி முன்னாடியே ரெடி. அவர் பின்கதவு வழியாக் கொட்டகைக்குப் போய், நம்ம பேட்டரியைக் கழட்டி இதை மாட்டிட்டார். அவர் சரக்கு எல்லாத்து மேலயும் பட்டை இருக்கு. வருஷா வருஷம் பார்க்கறது. அதனாலயே அவர் கண்ணுக்குத் தெரியாது."

வேன் நின்றது. கதவு திறந்தது. வெள்ளைச் சட்டை முதலில் தெரிந்தது. வலது கை தொடையோடு ஒட்டியிருந்தது. அதில் ஜாக்கி ராடு.

"என்ன சார்," என்றார் சிவசங்கர், அதே மரியாதையான குரலில். "பேட்டரி போயிடுச்சா?"

"பேட்டரின்னு நாங்க சொல்லலையே," என்றான் பீமராவ்.

 சிவசங்கர் இன்னும் நாலடி வந்தார்.

"கார்டை எடுத்தாச்சா?"

"உங்க மனைவி எங்க நின்னாங்க?"

"கார்டைக் குடுங்க."

கலைமதி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்கள் அதை விட மறுத்தன. சிவசங்கர் அவளைப் பார்த்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. எதையோ ஞாபகப்படுத்திக்கொள்வது போல இருந்தது.

"அவளும் இப்படித்தான், கதவைப் பிடிச்சுக்கிட்டே நின்னா. நான்தான் வண்டி எடுத்துக்கிட்டு வந்திருக்கேன்னு நினைச்சா. சிரிச்சா." ராடு தொடையிலிருந்து விலகியது. "ஒரு கையெழுத்து. போட்டிருந்தா இன்னிக்கு எனக்குக் காபி போட்டுக் குடுத்திருப்பா."

பம்ப் ஷெட் கதவு திறந்தது. மூன்று டார்ச் வெளிச்சங்கள் ஒன்றாக அவர் முகத்தில் விழுந்தன. நெற்றிப் பட்டை பளிச்சென்று தெரிந்தது.

"ராடைக் கீழ போடுங்க சிவசங்கர்," என்றார் இன்ஸ்பெக்டர் அருள்நாதன்.

கீழே போட்டார். இருபுறமும் கான்ஸ்டபிள்கள் கையைப் பிடித்தபோது திரும்பிப் பானெட்டுக்குள் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். எதில் சறுக்கினோம் என்று அப்போதும் அவருக்குத் தெரியவில்லை.

மறைவில் நிறுத்தியிருந்த ஜீப் அவரை ஏற்றிக்கொண்டு போனது. அருள்நாதன் போனில் பேசிக்கொண்டே தள்ளி நடந்தார்.

"இன்ஸ்பெக்டர் இருக்கறது எனக்கு ஏன் சொல்லல?" என்றாள் கலைமதி.

"சொன்னா உன் முகம் காட்டிக் குடுத்திடும்."

"அவர் நேரத்துக்குக் கதவைத் திறக்காம இருந்திருந்தா?"

பீமராவ் யோசித்தான். நேர்மையான பதில் ஒன்றுதான் இருந்தது. "அதை நினைக்கல."

"நீங்க நினைக்க மாட்டீங்க சார். உங்களுக்கு எது நடந்தாலும் ஒண்ணுதான். எனக்கு அப்படி இல்ல." கார்க் கதவைத் தட்டிக் காட்டினாள். "நானும் இங்கதான் நின்னேன்."

 அது அவனுக்கு உறுத்தியது.

"தப்புதான் கலை," என்றான் கடைசியில்.

அருள்நாதன் திரும்பி வந்தார். "நான் இங்க இருக்கும்போதே கொட்டகைக்கு ஆள் அனுப்பிட்டேன், நீங்க சொன்ன மாதிரி. தார்ப்பாய்க்கு அடியில நாமம் போட்ட பேட்டரி இருக்கு. அதுக்குப் பின்னால துணியில சுத்தித் தாலிச் சங்கிலி. தாஹாவைக் காலையில விட்டுடறேன். அவன் வீட்ல நீங்களே சொல்லிடுங்க."

கலைமதி அப்போதே நஜீமாவின் நம்பரைத் தேடத் தொடங்கியிருந்தாள்.

"பக்கத்துலயே இன்னொரு பேட்டரி இருக்காம்," என்றார் இன்ஸ்பெக்டர். "உங்களோடதுதானான்னு கேக்கறாங்க. ஏதாவது அடையாளம் இருக்கா?"

"சந்தனப் பொட்டு," என்றான் பீமராவ். "நடுவுல இல்ல, வலது ஓரமா. அளவுக்கு மீறிப் பெரிசு. பாதி உதிர்ந்திருக்கும். மீதியில ஒரு விரல் ரேகை தெரியும்."

அருள்நாதன் போனில் அதை அப்படியே சொன்னார். காத்திருந்தார். "இருக்காம். நீங்க வெச்சதா?"

"இல்ல."

கலைமதி போனிலிருந்து நிமிர்ந்தாள். போன வருஷத்துக்கு முந்தின ஆயுத பூஜை. பீமராவின் மனைவி உயிரோடு இருந்த கடைசி ஆயுத பூஜை. வேறு யாருக்கும் தோன்றாதபோது, பேட்டரியின் நெற்றியைப் பார்க்க வேண்டும் என்று இவனுக்கு மட்டும் ஏன் தோன்றியது என்பது அவளுக்கு இப்போது புரிந்தது.

"கேஸ் முடியற வரைக்கும் அது கோர்ட்லதான் இருக்கும்," என்றார் அருள்நாதன். "கைரேகை எடுத்து, துடைச்சு, பை போட்டு, சீல் வைக்கணும்."

"பை போடுங்க. சீல் வைங்க," என்றான் பீமராவ். "துடைக்க மட்டும் வேண்டாம்னு சொல்லுங்க."

கலைமதி சொல்ல வைத்திருந்த நக்கலைச் சொல்லவில்லை. பானெட்டைச் சத்தம் வராமல் இறக்கி மூடினாள்.